ஒரு விரல் அளவு

அத்தியாயம் 14

மாடிப்படிக் கதவு தாழ்போட்டு அன்றைக்கு நாற்பத்தாறாவது நாள்.

அந்த வீட்டு மருமகள்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி அத்தனை நாளாகியிருந்தது. கீழ்த்தளத்தில் மூத்தவள், மாடியில் இளையவள், நடுவே பதினாறு படிகள். சண்டை என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. ஒரு விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர், பல் மருத்துவமனையில் வேலை என்கிறீர்களே, டாக்டரா என்று மூத்தவளைக் கேட்டார். இளையவள் முந்திக்கொண்டாள். "அக்கா டாக்டர் இல்லைங்க, டாக்டருக்குப் போன் எடுக்கிறவங்க. ஹலோ, நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க... அவ்வளவுதான் வேலை" என்று குரலை இழுத்துச் சொல்லிக் காட்டினாள். மேஜையே சிரித்தது. மூத்தவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் படிக்கதவைத் தன் பக்கமிருந்து தாழ்போட்டாள்.

அதற்குப் பிறகு இளையவள் வெளிப்படியில்தான் ஏறி இறங்கினாள். ஒரு விளையாட்டுப் பேச்சுக்கு இத்தனை வீம்பா என்று அவளுக்கும் கோபம். தன் வாயும் கொஞ்சம் நீளம்தான் என்று உள்ளுக்குள் ஓடியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த நாற்பத்தாறாவது நாள் விடியும்போது அவளுக்குக் கவலை கதவைப் பற்றி இல்லை, புருஷனைப் பற்றி.

அவன் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடம் கட்டுகிற இடத்தில், எல்லார் தலைக்கும் மேலே, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை. அங்கே அவனுக்குக் 'கழுகு' என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஒரு வாரமாகக் கழுகுக்குக் கீழ்த்தாடையில், வலது பக்கம், கடைசிப் பல்லில் வலி. முதல் நாலு நாள் மறைத்தான். பிறகு வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறைத்தான். நேற்று மதியத்திலிருந்து வீக்கம் வந்தது. அதை மறைக்க முடியவில்லை.

காலையில் முகத்தைப் பார்த்து அவள் பதறினாள். தாடை இருந்த இடமே தெரியவில்லை. இன்றைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள் என்று கெஞ்சினாள். பதினோராவது மாடிக்குத் தளம் போடுகிற நாள், கிரேன் நின்றால் கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், மாற்று ஆள் வரச் சாயங்காலம் ஆகும் என்று அவன் பாதி சைகையிலும் பாதிப் பேச்சிலும் சொன்னான். இரண்டு மாத்திரையை வாயில் போட்டு, அதை விழுங்க ஐந்து நிமிஷம் போராடி, கழுத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான்.

இளையவளுக்குத் திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. துணி வெட்டும் மேஜை அவளுடையது. அளவு எடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை வைத்தால் ஒரு நூல் பிசகாது. அன்றைக்கு ஒரு பெரிய ஹாலுக்கான சாம்பல் நிறத் துணியை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்குப் போன் அடித்தது.

கழுகுதான். அவன் குரல் என்று அவளுக்குத் தெரியவே ஒரு நொடி பிடித்தது. சூடான எதையோ வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவனைப் போல எழுத்தெல்லாம் குழைந்திருந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது, இதைவிடப் பலமானதாக வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றான். தண்ணீர்கூட இறங்கவில்லை, பாட்டிலில் துப்பிக்கொண்டே இருக்கிறேன் என்றான். அதற்குள் கீழிருந்து யாரோ வாக்கிடாக்கியில் கூப்பிட, வைத்துவிட்டான்.

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த மருந்துக் கடைக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர். நின்ற இடத்திலேயே அந்தக் குரல் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. வலிக்கிறவன் குரல் அப்படி இருக்காது. வலிக்கிறவன் கத்துவான், இல்லை முனகுவான். இது வேறு.

பையைத் துழாவினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய சொத்தைப் பல்லை அடைக்க மூத்தவள்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அப்போது கொடுத்த அட்டை பையின் அடியில் மடங்கிக் கிடந்தது. நம்பரைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கடை வாசலுக்கு வந்து அழுத்தினாள்.

"வணக்கம், பல் மருத்துவமனை. சொல்லுங்க, என்ன செய்யுது?"

வீட்டில் அவள் கேட்டிராத குரல் அது. தணிந்து, தெளிவாக, அவசரம் இல்லாமல். நான்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. யாரோ ஒருத்தியாகவே பேசிவிடலாம் என்று தோன்றியது.

"ஹலோ... ஒருத்தருக்குப் பல்வலிங்க. கன்னம் வீங்கியிருக்கு. என்ன மாத்திரை வாங்கலாம்னு கேட்கத்தான்..."

எதிர்முனையில் ஒரு மூச்சு நேரம் அமைதி.

"மாத்திரையை அப்புறம் பார்க்கலாம்ங்க. அவரால எச்சில் முழுங்க முடியுதா?"

"இல்லைங்க. துப்பிக்கிட்டே இருக்கார்."

"வாய் எவ்வளவு திறக்குது? ரெண்டு விரலை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா பல்லுக்கு நடுவுல போகுமா?"

இளையவள் யோசித்தாள். காலையில் பிரஷ் உள்ளே போகாமல், பேஸ்ட்டை விரலில் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தான். "பிரஷ்ஷே போகல. ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்குது."

"வீக்கம் கன்னத்துல மட்டுமா, தாடைக்கு அடியிலயும் இருக்கா? தொட்டா மெத்துனு இருக்கா?"

"அடியில ரெண்டு பக்கமும் இருக்கு. மெத்துனு இல்ல. கட்டை மாதிரி இருக்கு."

பேனா எழுதுகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ராத்திரி படுத்துத் தூங்கினாரா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரவு முழுக்க அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். வலியில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்து, அவள் ஒரு தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டுத் தூங்கிப் போனாள். "படுக்கவே இல்லைங்க" என்றாள்.

பேனா நின்றது.

"இப்ப அவர் எங்க இருக்கார்?"

"வேலைக்குப் போயிருக்கார்."

"அது தெரியும். மேல இருக்கானா, கீழ இருக்கானா?"

இளையவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மேலதான் இருக்கார்... அக்கா."

"சரி. போனை வெச்சிடாதே."

மூத்தவள் போனை அணைக்காமல் மேஜைமேல் வைத்ததும், செருப்புச் சத்தமும், ஒரு கதவு திறப்பதும், கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்த பல் கருவி சட்டென்று நிற்பதும் இளையவளுக்குக் கேட்டன. டாக்டர், ஒரு நிமிஷம் கையை எடுங்கள் என்று மூத்தவள் சொன்னதும் கேட்டது. பத்து வருஷ வேலையில் அவள் அந்த அறைக்குள் நடுவேலையில் நுழைந்தது அதுதான் இரண்டாவது தடவை என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்து அவள் சொன்னதெல்லாம் அளந்து வைத்தாற்போல இருந்தது. இது இனிமேல் பல்வலி இல்லை. பல்லின் வேரிலிருந்த சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிவிட்டது. நாக்கை மேலே தூக்கும், தொண்டையை நெருக்கும், மூச்சை அடைக்கும். எங்கள் நாற்காலியில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. டாக்டர் அங்கே தாடை அறுவை செய்கிறவரிடம் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார். மாத்திரை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். ஆம்புலன்ஸை வேலைத்தளத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். நீயும் அங்கே வா.

"அக்கா, அவர் இறங்க மாட்டேன்னு சொல்வார்."

"இறங்குவான். நீ வா" என்றாள் மூத்தவள்.

இளையவள் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மூத்தவள் முன்பே வந்திருந்தாள். மருத்துவமனையின் வெளிர்நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. காலில், டாக்டர் அறைக்குள் மட்டும் போட்டுக்கொள்கிற வெள்ளை ரப்பர் செருப்பு. தலையில் யாரோ கொடுத்த மஞ்சள் ஹெல்மெட் கோணலாக உட்கார்ந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இளையவள் சிரித்திருப்பாள்.

மூத்தவளுக்கு எதிரே வேலைத்தளத்தின் இன்ஜினியர் நின்றிருந்தார். இளைஞர், நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. பாதித் தளம் போட்டாகிவிட்டது, நடுவில் நிறுத்தினால் கான்கிரீட் இறுகி எல்லாம் வீணாகும், இன்னும் ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் அவரே இறங்கிவிடுவார், பல்வலிதானே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூத்தவள் குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். இப்ப அவன் தானா இறங்கி வர முடியும். இன்னும் ஒன்றரை மணி நேரத்துல மேலயே மூச்சு நின்னுபோச்சுன்னா, அவனை எத்தனை நிமிஷத்துல கீழ கொண்டுவருவீங்க?"

இன்ஜினியர் மேலே பார்த்தார். மஞ்சள் கம்பிக் கோபுரம் ஆகாயத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதன் உச்சியில் தீப்பெட்டி அளவுக்குக் கண்ணாடிப் பெட்டி. கோபுரத்துக்குள்ளே ஏணி, எட்டு இடத்தில் நின்று இளைப்பாற இரும்புத் தட்டு. லிஃப்ட் கிடையாது. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டாலும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வரவேண்டும். அவர் வாக்கிடாக்கியை எடுத்து, வேலையை நிறுத்தச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி இளையவள் பிறகு எப்போதும் மரியாதையாகவே பேசினாள்.

மேலே இருந்தவன் முதலில் மறுக்கத்தான் செய்தான். வாக்கிடாக்கியில் கொழகொழவென்று என்னவோ வந்தது. மூத்தவள் அதை இன்ஜினியரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, அண்ணி பேசறேன். நீ பேசாதே. சரின்னா பட்டனை ஒரு தடவை அமுக்கு, இல்லைன்னா ரெண்டு தடவை. புரிஞ்சுதா?"

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, க்ளிக்.

"மூச்சு இப்ப இழுக்க முடியுதா?"

க்ளிக்.

"காய்ச்சல்ல தலை சுத்துதா?"

க்ளிக்.

"பரவாயில்ல. கொக்கியில இருக்கிறதை இறக்கி வெச்சிடு. நிதானமா செய். அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அவளுடைய இன்னொரு கை இளையவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியில் இளையவளுக்கு விரலெல்லாம் மரத்துப் போயிற்று. குரலில் மட்டும் அதன் சாயல்கூட இல்லை.

கான்கிரீட் தொட்டி அசங்காமல் இறங்கி, குறித்த இடத்தில் உட்கார்ந்தது. காற்று மோதிச் சாய்க்காதபடி கிரேனின் நீண்ட கை பூட்டு நீக்கிக் காற்றின் போக்குக்கு விடப்பட்டது. கீழேயிருந்து அவனுக்குச் சைகை கொடுக்கிற சிக்னல்காரர், இடுப்பில் வார் கட்டி, இன்னொரு வாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். கழுகைத் தன் வாரோடு பிணைத்து, அவனுக்கு ஒரு படி கீழே தான் இருந்தபடி இறக்கிக் கொண்டுவருவது ஏற்பாடு.

"ஒரு தட்டு வந்ததும் நில்லு. முன்னால குனிஞ்சு எச்சிலைத் துப்பு. முழுங்கப் பார்க்காதே. மூச்சை மூக்கால இழு. ஆனதும் அமுக்கு" என்றாள் மூத்தவள்.

முதல் தட்டு. க்ளிக். இரண்டாவது. க்ளிக். கீழே நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது தட்டில் நேரமானது. ஆனாலும் சத்தம் வந்தது. ஒவ்வொரு தடவையும் மூத்தவள் ஏதாவது ஒரு வார்த்தை சொன்னாள். நல்லா இறங்கறே என்றாள். உன் பொண்டாட்டி இங்கதான் நிக்கறா, பேச மாட்டேங்கறா, அதிசயமா இருக்கு என்றாள். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.

ஐந்தாவது தட்டில் சத்தம் வரவில்லை.

கம்பிகளுக்கு நடுவே இரண்டு உருவங்கள் அசையாமல் தெரிந்தன. இளையவள் கத்தப் போனாள். மூத்தவள் அவள் கையை ஒரு இழுப்பு இழுத்து அடக்கிவிட்டு, அதே குரலில், அதே வேகத்தில் பேசினாள்.

"அங்கேயே உட்காரு தம்பி. கால் ரெண்டையும் தொங்கப் போட்டுக்கோ. தலையைச் சாய்க்காதே, நேரா வெச்சுக்கோ. நான் எண்ணறேன். நீ மூச்சை மட்டும் பாரு."

அவள் எண்ணினாள். பத்து, இருபது, முப்பது. நாற்பத்தொன்றில் க்ளிக் என்றது. இளையவளுக்குப் போன உயிர் திரும்பியது.

மீதி மூன்று தட்டையும் அவன் இறங்கினான். தரையில் கால் வைத்ததும் முட்டி மடங்கியது. இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். முகம் ஒரு பக்கம் பளபளவென்று இழுத்து நின்றது. வாய் மூடாமல், நாக்கு பல்லுக்கு மேலே தூக்கித் தெரிந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர் ஸ்ட்ரெச்சரை நீட்டிப் படுக்க வைக்கப் போனார். மூத்தவள் குறுக்கே போய், படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும், உட்கார்ந்தபடியே வரட்டும் என்றாள். அவர் கழுகின் கழுத்தடியை ஒரு தடவை பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்.

"ஊக்கு இருக்கா?" என்று மூத்தவள் கேட்டாள். திரைச்சீலைக் கடைக்காரியிடம் ஊக்குக்கா பஞ்சம். இளையவளின் சட்டை மடிப்பில் அரை டஜன் குத்தியிருந்தது. ஒன்றை வாங்கி, போனில் கேட்டு எழுதிய சீட்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, எந்தப் பல், எத்தனை நாள் என்று இளையவளைக் கேட்டுச் சேர்த்து, நாக்கையும் பார்த்து எழுதி, கழுகின் சட்டையில் குத்தினாள். இளையவள் அதைப் படித்தாள்.

'வலது கீழ்க் கடைசிப் பல். வலி ஏழு நாள். வீக்கம் நேற்று மதியம் முதல். வாய் ஒரு விரல் அளவு. எச்சில் விழுங்கவில்லை. இரவு படுக்க முடியவில்லை. நாக்கு தூக்கியிருக்கிறது.' அதற்குக் கீழே இடம் விட்டிருந்தது. கடைசியாக என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பிட்டது எப்போது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று வண்டி கிளம்புவதற்குள் இளையவளைக் கேட்டு அதையும் நிரப்பினாள்.

போகிற வழியில் கழுகு சைகை செய்து பேனா கேட்டான். தன்னிடம் ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறான் என்று இளையவள் கண் கலங்கக் கையை நீட்டினாள். அவன் அவள் உள்ளங்கையில் எழுதினான்: 'தொட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டேன் என்று இன்ஜினியரிடம் சொல்.'

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு அறுவை அறைக்கதவு மூடியது. கழுத்து வரைக்கும் வீக்கம் இறங்கியிருப்பதால் முதலில் மூக்கு வழியாக மூச்சுக்குழாய் போட வேண்டும், அது சரியாக அமைந்துவிட்டால் மற்றது எங்கள் பாடு என்று ஒரு பெண் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

நடைவழியில் இரண்டு நீல நாற்காலிகள். இருவரும் உட்கார்ந்தார்கள். மூத்தவள் அப்போதுதான் தலையில் ஹெல்மெட் இருப்பதைக் கவனித்து, கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

இளையவள் கேட்டாள். "நான்தான் பேசறேன்னு எப்பத் தெரிஞ்சுதுக்கா?"

"நீ ஹலோன்னு சொன்னதுமே."

"அப்புறம் ஏன் யாரோ மாதிரி வாங்க போங்கன்னு..."

"நான் தெரிஞ்சமாதிரி காட்டிக்கிட்டா நீ போனை வெச்சிடுவியோன்னு பயமா இருந்துது" என்றாள் மூத்தவள்.

இளையவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூத்தவள் தேற்றவும் இல்லை, தடுக்கவும் இல்லை, பக்கத்தில் இருந்தாள். அழுகை அடங்கிய பிறகு, இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இளையவள் கேட்டாள்.

மூத்தவள் ஹெல்மெட்டின் வாரை நீவிக்கொண்டே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ஒரு சாயங்காலம், மூடுகிற நேரத்தில், ஒருவர் போன் செய்தார். பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று இவள் நினைத்துவிட்டாள். பல்வலி, வீக்கம் என்றார். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க என்று நேரம் குறித்துக்கொடுத்தாள்.

"பத்து மணி ஆச்சு, வரல. பதினொண்ணுக்கு நானே போன் பண்ணினேன். அவரோட பொண்ணு எடுத்தா."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அன்றைக்குத்தான் டாக்டர் அறைக்குள் முதல் தடவையாக நடுவேலையில் நுழைந்தாளாம். உன் தப்பு இல்லை, உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்றாராம் டாக்டர். அப்படியானால் இப்போது சொல்லித்தாருங்கள் என்று இவள் கேட்டாள். பல் விழுந்தால் என்ன செய்யச் சொல்வது, ரத்தம் நிற்காவிட்டால் என்ன, வீங்கினால் என்னென்ன கேட்பது, எதை நாளைக்குத் தள்ளலாம், எதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. ஒரு நோட்டில் எழுதி வைத்து, போனுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். விழுந்த பல்லைக் கழுவித் துடைக்காமல் பாலில் போட்டு எடுத்துவரச் சொல்லி, இதுவரை பதினேழு குழந்தைகளுக்குப் பல் திரும்ப ஒட்டியிருக்கிறது. அந்தக் கணக்கும் அந்த நோட்டில் இருக்கிறது.

இளையவளுக்கு அந்த விருந்து மேஜை கண்முன் வந்தது. தான் குரலை இழுத்துச் சொன்னதும், எல்லாரும் சிரித்ததும், மூத்தவளும் சேர்ந்து சிரித்ததும். இத்தனை வாக்கியங்கள் இருக்க, அவளைக் கிண்டல் செய்யத் தன் வாயில் அந்த ஒரு வாக்கியம்தான் வர வேண்டுமா?

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது..."

"வலிச்சுது" என்றாள் மூத்தவள். "உனக்கு இந்தக் கதை தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வலிச்சுது. இப்ப அதைப் பேச வேண்டாம். அவன் வெளியே வரட்டும்."

மூன்று மணிக்குப் பெண் டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் திறந்து சீழை எடுத்தாகிவிட்டது, பல்லையும் எடுத்தாகிவிட்டது. வீக்கம் வடிகிறவரை குழாய் இருக்கும், இரண்டு மூன்று நாள் தூங்க வைத்திருப்போம், பிழைத்துக்கொள்வார். சொல்லிவிட்டு, கையிலிருந்த சீட்டைத் தூக்கிக் காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டார். ஊக்கு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூத்தவள் எழுந்து நின்றாள். ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல.

"நாங்க கேட்க வேண்டியது எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்கீங்க. எங்க புதுப் பசங்களுக்குக் காட்டணும், இதை நான் வெச்சுக்கலாமா?" என்றார் டாக்டர்.

வெச்சுக்கோங்க என்று மூத்தவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. இளையவளுக்கு, இவள் எங்கள் அக்கா என்று அந்த நடைவழியில் போகிற வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. கிடைத்த முதல் ஆளிடம் சொல்லவும் செய்தாள். தரை துடைக்கிற அந்த அம்மா, அப்படியா என்று கேட்டுவிட்டுத் தரைத்துணியைப் பிழிந்தாள்.

இனி ஒருவருக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூத்தவளின் புருஷன், கழுகுக்கு அண்ணன். பெரிய அச்சகம் ஒன்றில் இயந்திரப் பகுதிக்கு மேற்பார்வையாளர். இளையவள் மாமா என்று கூப்பிடுவாள். ஆம்புலன்ஸில் வரும்போது ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அவருக்குப் போன் போட்டாயிற்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது, எப்போதும் அப்படித்தான் என்றாள் மூத்தவள். காலையில் தன் கையால் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னாள். இளையவள் அச்சகத்தின் நம்பரைத் தேடி எடுத்து, அக்கா நீங்கள் உட்காருங்கள், நான் பேசிவிட்டு டீயும் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று படிக்கட்டுப் பக்கம் வந்தாள்.

எடுத்தவர் வயதானவர், தன்மையாகப் பேசினார். மாமாவின் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் தயங்கினார். நீங்க யாரும்மா என்று கேட்டார். தம்பி மனைவி என்றாள்.

"அவர் வேலையை விட்டு நின்னு இன்னையோட இருபத்திரண்டு நாள் ஆச்சேம்மா. வீட்ல யாருக்கும் தெரியாதா?"

இளையவள் இரண்டு கையிலும் டீயோடு திரும்பி வந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் ஏழேகாலுக்கு அவர் டப்பாவோடு தெருமுனை திரும்புவதை மாடி ஜன்னலிலிருந்து அவளே பார்த்திருக்கிறாள். நேற்றும் பார்த்தாள். மூத்தவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அன்றைக்கு முழுக்க அந்த முகத்தில் முதல் தடவையாகக் களைப்புத் தெரிந்தது. இப்போது சொல்லாமல் விட்டுவிடலாமா? பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

மூத்தவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்ன சொன்னாங்க? கிளம்பிட்டாராமா?"

"டீ குடிங்கக்கா, சூடா இருக்கு."

மூத்தவள் கண்ணைத் திறந்தாள். டீயைப் பார்க்கவில்லை, இளையவளின் முகத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு."

இந்த முகத்திடம் பொய் சொல்ல முடியாது. இன்றைக்கு மட்டும் நிச்சயமாக முடியாது. இளையவள் இரண்டு கோப்பையையும் தரையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா அங்க இல்லக்கா."

"வெளியே எங்கேயாவது அனுப்பியிருக்காங்களா?"

"அங்க வேலையிலேயே இல்லையாம். இருபத்திரண்டு நாளா."

நடைவழியில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போயிற்று. அது போய் மறைகிறவரை மூத்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒவ்வொருவரையும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஒரு கேள்வியும் வரவில்லை. ஹெல்மெட்டை மட்டும் மடியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அவள் பையிலிருந்த போன் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். மாமாவின் பெயர்தான் திரையில் ஒளிர்ந்தது.

மூத்தவள் அதை எடுக்கவில்லை. இளையவளின் கையில் வைத்தாள். "நீ பேசு. எனக்குக் குரல் வராது" என்றாள்.